கூப்பிடாமல் ஊட்டிய ஒரு வாய்

வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததாகப் பார்த்து வேதவல்லி உட்கார்ந்துகொண்டாள், வேண்டாமென்று தோன்றினால் எழுந்து போய்விடலாம் என்று. எழுந்து எங்கே போவது, வீட்டுக்குத்தான் போக வேண்டும், அந்த வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு வா என்றுதானே இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியது மகன். கத்தாரிலிருந்து போனில் ஒரு நோட்டீஸை அனுப்பி, "நோயாளிங்களைப் பாத்துக்கிறவங்களுக்குன்னே நடத்துறாங்கம்மா, மனசு விட்டுப் பேசலாமாம், நீ போயே ஆகணும்" என்று நச்சரித்து, மாயவரத்திலிருந்து அத்தை கஸ்தூரியை வரச்சொல்லி, அப்பாவின் கட்டிலருகே உட்காரவும் வைத்துவிட்டான். நல்ல பிள்ளை. தூரத்தில் இருக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான், பக்கத்தில் இருந்திருந்தால் பவுடர் வாடையும் மூத்திர வாடையும் கலந்த அந்த அறையில் அவன் முகமும் என்றைக்கோ கோணியிருக்கும். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பாடம் நடத்துகிற கூடம் இது. ஏசிக் குளிர் முழங்காலில் இறங்கியது. எதிர்ச் சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு நெஞ்சு, முன்பக்கம் திறந்த நெஞ்சு, இரண்டு பக்கமும் ரோஸ் நிறத்தில் நுரையீரல். அதைப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்ததுமே முடிவு செய்துகொண்டாள், முடிவு செய்த பிறகு அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. காலையில் கூப்பிடாமல் கொடுத்துவிட்டேன். பஸ்ஸிலும் இதே வரி, படியேறும்போதும் இதே வரி, வாசலில் செருப்பை விடும்போதும் இதே வரி. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அது வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு சாயங்காலம் அவர் வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோகும்போது கை கையாக இருக்கும். சொல்லாமல் போய் உட்கார்ந்தால் கை என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியாது. மகனுக்காக இல்லை, அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாள்.

கூட்டத்தை நடத்துகிற பெண் நிவேதிதா, மனநல ஆலோசகராம், பார்த்தால் மருமகள் வயசுகூட இருக்காது, பருத்திப் புடவையை அழகாக மடித்துக் குத்தியிருந்தாள், முகத்தில் நன்றாகத் தூங்கி எழுந்த களை. அந்தக் களையைப் பார்த்து வேதவல்லிக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. "முதல்ல உங்களை நீங்க பாத்துக்கணும். ப்ளேன்ல ஏறினதும் என்ன சொல்றாங்க? காத்து குறைஞ்சா முதல்ல உங்க மாஸ்க்கை மாட்டிக்கிட்டு அப்புறம்தான் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மாட்டிவிடணும்னு சொல்றாங்க. ஏன்? நீங்க மூச்சு விட்டாத்தானே அவங்களுக்கு உதவ முடியும்?" வட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். பிளேனை வீட்டு மொட்டைமாடியிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிற வேதவல்லியும் ஆட்டினாள். தான் மாட்டிக்கொண்ட பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு மாட்டிவிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் அதற்கு அந்தப் பிளேனில் என்ன சொல்வார்கள் என்று கேட்கத் தோன்றியது. எல்லாரும் ஒவ்வொருவராகத் தங்கள் பெயர், யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள், இந்த வாரத்தில் மனசைக் கஷ்டப்படுத்திய ஒரு விஷயம், இந்த மூன்றையும் சொல்ல வேண்டும் என்றாள் நிவேதிதா. சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கைதட்ட வேண்டுமாம். எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்தது, சுற்றி வந்து தன்னிடம் வருவதற்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று வேதவல்லி கைக்குட்டையை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள். முதலில் பேசியவர் மகாலிங்கம், பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவிக்கு ஞாபகம் முழுக்கப் போய்விட்டது. "தினம் காலையில 'நீ யாரு, எதுக்கு என் வீட்டுக்குள்ள நிக்கிறே'ம்பா. முதல்ல எல்லாம் அழுவேன். இப்ப, 'மாடியில குடியிருக்கேம்மா, காப்பி குடுக்க வந்தேன்'னு சொல்லிடுறேன். உடனே 'உக்காருங்க சார்'ங்கிறா. புருஷனா இருந்த காலத்துல இந்த மரியாதை கிடைச்சதில்லை" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டு வாயை மூடுவதற்குள் கண் நிறைந்துவிட்டது, கைதட்டினார்கள்.

மகாலிங்கத்தின் மனைவியாவது 'நீ யாரு' என்று கேட்கிறாள். வேதவல்லியின் வீட்டுக்காரர் எதையும் கேட்பதில்லை. மூளையில் ரத்த அடைப்பு வந்து இடது பக்கம் விழுந்து, அதோடு பேச்சும் விழுங்கலும் போய், இரண்டு தீபாவளி வந்து போய்விட்டது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த மனிதர், கம்பத்து உச்சியிலிருந்து 'மெயினை ஆஃப் பண்ணுடா' என்று போட்ட சத்தத்தில் தெருவே நிமிர்ந்து பார்க்கும், அந்தத் தொண்டைக்குள் இப்போது ஒரு ஸ்பூன் கஞ்சி இறங்குவதற்கு அவள் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளை 'இந்தா' என்பார், அவள் 'என்னங்க' என்பாள், அதற்குள்ளேயே முழு வாழ்க்கையும் நடந்து முடிந்தது. அவர் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. அதுவும் வாய்த்தது என்ன பெயர், கும்பகோணத்தில் இருந்துகொண்டு சாரங்கபாணி என்று ஒருவரைக் கட்டிக்கொண்டால் பாதி ஊரை வாயால் சொல்ல முடியாது. கோயிலைப் பெருமாள் கோயில் என்றுதான் சொல்வாள், எந்தப் பெருமாள் என்று கேட்டால் 'அதான், பெரிய தேர்' என்பாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் அந்த நிறுத்தத்தைச் சொல்ல வேண்டி வந்தால் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி வெயிலில் நடப்பாள். ரேஷன் கடையில் குடும்பத்தலைவர் பெயர் என்ன என்று கேட்டபோது, பின்னால் வரிசையில் நின்ற யாரோ ஒரு அம்மாளிடம் காதில் சொல்லி, அந்த அம்மாள் கடைக்காரரிடம் சொல்லி, கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவரும் சிரித்தார், சிரித்துவிட்டு, 'சொன்னா என்ன, நாக்கு அழுகியா போயிடும்?' என்று கேட்டார். கேட்டாரே தவிர, அவள் சொல்லாமல் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது, அந்தப் பெருமை அவளுக்கும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அதை முதலில் உடைத்தது இதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷெரின் என்ற பெண். ஒரு படத்தை விரித்து வைத்து, தொண்டையில் இரண்டு பாதை இருக்கிறது, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நுரையீரலுக்கு, இவருக்குப் பாதி மயக்கத்திலேயே வாய் தானாகத் திறந்துகொள்கிறது, நினைவில்லாமல் விழுங்கினால் கஞ்சி தப்பான பாதையில் போய்விடும் என்று விளக்கினாள். "அதனால ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிடணும்மா. கண்ணைத் திறந்து உங்களைப் பாக்கணும். அப்புறம்தான் குடுக்கணும். தொண்டை ஏறி இறங்குதான்னு பாத்துட்டு அடுத்தது." வேதவல்லி என்னங்க என்று கூப்பிட்டுக் காட்டினாள், அவர் அசையவில்லை. "என்னங்க எல்லாம் வேலைக்கு ஆகாதும்மா. பேரு. அவரோட பேரு." அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கிரைண்டரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொல்லிப் பார்த்தாள். பிறகு கட்டிலருகே வந்து கூப்பிட்டாள். அவர் கண்ணைத் திறந்த விதம் இருக்கிறதே. யார் கூப்பிட்டது என்று தேடி, அவளைப் பார்த்து, அவள்தான் என்று தெரிந்ததும் வலது பக்கத்து உதடு மட்டும் மேலே போனது. அந்த வயதில் அவளுக்குக் கன்னம் சூடானது. கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள், யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் சாரங்கபாணி, சாரங்கபாணி, சாரங்கபாணி முழுங்குங்க, வாயில வச்சுக்கிட்டே இருக்காதீங்க சாரங்கபாணி. எப்போது என்று தெரியவில்லை, ஒருநாள் 'முழுங்கு சாரங்கபாணி' என்று கேட்டது, யார் இவ்வளவு மரியாதை இல்லாமல் கூப்பிடுவது என்று திரும்பிப் பார்த்தாள், தன் குரல்தான். மாடியில் குடியிருப்பவர்கள் வீட்டுக் கைக்குழந்தை முதலில் பேசிய வார்த்தை சாரங்கபாணிதான் என்று அதன் அம்மா வேடிக்கையாகச் சொன்னாள். வேதவல்லியும் சிரித்தாள், சிரித்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த பெயர், மாட்டை ஓட்டுகிற சத்தமாகிப் போயிற்று. பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லுவாள், அப்படிப் பார்த்தால் இவர் எத்தனை தடவை போயிருக்க வேண்டும், போகவில்லையே, போகவில்லையே என்று நினைத்த அந்த இடத்தில் நினைப்பு நின்றது. அது வருத்தமாகத்தான் நின்றதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கைதட்டல் கேட்டது. யாரோ பேசி முடித்திருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை, இவளும் தட்டினாள். இப்போது ஜெபமணி என்ற பெண்மணி பேசிக்கொண்டிருந்தாள், பிறந்ததிலிருந்து படுக்கையிலேயே இருக்கிற மகளைப் பார்த்துக்கொள்கிறவள், மகளுக்குக் கல்யாண வயசாகிவிட்டது. "துணி காயப்போட மாடிக்குப் போனா நான் சீக்கிரம் இறங்க மாட்டேன் மேடம். அஞ்சு துணியை அம்பது துணி மாதிரி காயப்போடுவேன். அதுதான் எனக்கு பிக்னிக்." நிவேதிதாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பாத்தீங்களா! இப்படித்தான் உங்களுக்குன்னு ஒரு சின்ன நேரம் வச்சுக்கணும். பாட்டுக் கேக்கலாம், நடக்கலாம், பிடிச்சதைச் சாப்பிடலாம்." பிடித்ததைச் சாப்பிடலாம். போன மாதம் மகன் ரொம்பச் சொன்னானே என்று வேதவல்லி ஒருநாள் பக்கத்து மெஸ்ஸிலிருந்து வாழைக்காய் வறுவலும் வத்தக்குழம்பும் வாங்கிவரச் செய்து, இலை போட்டுத் தனியாக உட்கார்ந்தாள். சாதத்தில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள், பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள், பார்த்தால் பருக்கை ஒன்றுகூட இல்லாமல் கூழாகிக் கிடந்தது, வறுவலையும் அதற்குள் நசுக்கிப் போட்டிருந்தாள். கைக்கு வேறு எதுவும் தெரியாமல் போய்விட்டது. அதைத்தான் சாப்பிட்டாள், ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று கவனித்துக்கொண்டு. இதைச் சொன்னால் இங்கே எல்லாரும் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள். சிரிக்கிற மாதிரி சொல்லத் தெரிந்தால் எதையும் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. காலையில் நடந்ததை எப்படிச் சிரிக்கிற மாதிரி சொல்வது?

காலையில் என்ன நடந்தது என்று முதலில் ஒழுங்காக நினைத்துக்கொள்ள வேண்டும். விரிப்பை மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது மறுபடியும் நனைத்திருந்தார். மறுபடியும் மாற்றினாள். இடுப்பில் சுரீரென்று பிடித்தது. மகன் வீடியோவில் வந்து, "ஏம்மா கண்ணு இப்படி வீங்கியிருக்கு, நல்லா தூங்கும்மா" என்றான், தூக்கத்தைக் கத்தாரிலிருந்து பார்சல் அனுப்பு என்று சொல்ல வாய் வந்தது, "சரிப்பா" என்றாள். கஞ்சியை ஆற்றி, தலையணையை நிமிர்த்தி, கழுத்தடியில் துண்டைச் செருகி, உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள், வரவில்லை. வரவில்லையா, வரவழைக்கவில்லையா? அங்கேதான் முடிச்சு. தொண்டை கட்டியிருந்ததா என்றால் இல்லை, மகனிடம் பேசினாளே. பழைய பழக்கம் திரும்பி வந்து வாயைப் பொத்திவிட்டதா, வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றா? எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறாள். சும்மா இருந்தாள், அவ்வளவுதான். சும்மா இருந்துகொண்டே ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனாள், வாய் தானாகத் திறந்தது, உள்ளே விட்டாள். அது இறங்கிற்று. எவ்வளவு அமைதியாக இருந்தது வீடு, யாருடைய பெயரும் கேட்காமல். அடுத்த ஸ்பூனையும் அப்படியே கொடுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம், இருமலும் இல்லாத விக்கலும் இல்லாத, உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டு இழுக்கிற சத்தம். முகம் கறுத்தது. நல்ல கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. அவள் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்துதான் இருந்தாள். வாசலில் பால்காரர், "நாளைக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார். "அரை லிட்டர் போதும்" என்றாள்.

ஒரு லிட்டர்தான் வழக்கம். அவருக்கு அரை, அவளுக்கும் வருகிறவர்களுக்கும் அரை. ஏன் அரை லிட்டர் போதும் என்றாள்? முந்தின நாள் பால் மீந்திருந்தது, உண்மை, பிரிட்ஜில் ஒரு டம்ளர் இருந்தது, அதை நினைத்துத்தான் சொன்னாள், அதை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பால்காரருக்குப் பதில் சொல்லும்போது பிரிட்ஜ் நினைவுக்கு வந்ததா என்று தன்னைத் தானே மடக்கினால், வந்தது என்று சத்தியம் செய்ய முடியவில்லை, பிரிட்ஜ் பிறகுதான் வந்தது, பஸ்ஸில் வரும்போது. அதுவும் கஸ்தூரி வருகிறாள் என்று தெரியும், இரண்டு வேளை காப்பி போட வேண்டும், மீந்த பாலும் இன்றைக்கே தீர்ந்துவிடும். நாளைக்கு இந்த வீட்டில் பால் குடிக்க ஒருத்திதான் இருப்பாள் என்று அவளுக்குள் யாரோ அவ்வளவு சாவகாசமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதுவும் குரல் நடுங்காமல், கேட்டவுடனே. பிறகு எழுந்தாள். எழுந்து அவரை ஒருக்களித்துப் போட்டு, முதுகில் ஓங்கி ஓங்கி அடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி, 'ஐயோ என்னங்க, என்னங்க' என்று கத்தினாள், பெயரைச் சொல்லவில்லை, பழைய என்னங்கதான் வந்தது. கஞ்சி மூக்கு வழியாக வந்தது. மூச்சு வந்தது. எழுந்ததற்காவது ஒரு காரணம் தெரியுமா என்றால் அதுவும் தெரியாது, உட்கார்ந்திருந்தவளும் அவள்தான், எழுந்தவளும் அவள்தான், நடுவில் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. மூச்சு சீரானதும் அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர், அது இருமியதால் வந்தது. அவருக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் இனி அவள் கையால் ஒரு வாய் வாங்க மாட்டார். மதியம் கஞ்சி கரைத்தாள், கட்டிலருகே போக முடியவில்லை, கொட்டிவிட்டாள், கஸ்தூரி வந்தபோது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார் என்று பொய் சொன்னாள். பொய் மட்டும் திக்காமல் வந்தது.

"அம்மா, நீங்க?" நிவேதிதா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது முறை இங்கே வந்தது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தே பேசலாம்மா என்றார்கள், உட்கார்ந்தாள். "என் பேரு வேதவல்லி. வீட்டுக்காரரைப் பாத்துக்கிறேன். பக்கவாதம்." இது வரைக்கும் சரியாக வந்துவிட்டது. "சாப்பாடு குடுக்கிறப்போ பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்குக் காலையில நான் கூப்பிடலை. வேணும்னேதான்னு நினைக்கிறேன். கூப்பிடாமயே குடுத்துட்டேன்." சொல்லிவிட்டாள். இப்போது யாராவது எழுந்து கத்துவார்கள், யாராவது கையைப் பிடிப்பார்கள், எதுவானாலும் சரி. நிவேதிதாவின் முகம் மலர்ந்தது. "ஐயோ அம்மா! கூச்சமா இருந்துச்சா?" என்றாள். மகாலிங்கம் உடனே, "அந்தக் காலத்துப் பழக்கம் மேடம், லேசுல போகாது. எங்கம்மா சாகிற வரைக்கும் அப்பா பேரைச் சொன்னதில்லை, பாங்கில கேட்டா எங்களைக் கூப்பிடுவாங்க" என்றார். ஜெபமணி, "எங்க ஊருலயும் அப்படித்தான்" என்றாள். சிரிப்பு வட்டமாகச் சுற்றி வந்தது, பொல்லாத சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான், அதுதான் தாங்கவில்லை. "அது இல்லைங்க, நான் சொல்ல வந்தது" என்று வேதவல்லி ஆரம்பித்தாள், அதற்குள் நிவேதிதா குறுக்கிட்டாள். "இவ்வளவு கஷ்டத்துலயும் அந்த மரியாதையை விடாம வச்சிருக்கீங்க பாருங்க, அது பெரிய விஷயம். ஆனா அவரோட உடம்புக்காக நீங்க கூப்பிட்டுத்தான் ஆகணும். நாங்க எல்லாரும் உங்க குடும்பம் மாதிரி. இங்கயே ஒரு தடவை சத்தமா சொல்லிடுங்க, கூச்சம் போயிடும்." சொல்லுங்கம்மா, சும்மா சொல்லுங்க என்று நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள். அலமாரிக்குள் ரோஸ் நிற நுரையீரல் வெளிச்சத்தில் பளபளத்தது. வேதவல்லி, "சாரங்கபாணி" என்றாள். கூடமே கைதட்டியது. மகாலிங்கம் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார், அடுத்த நாற்காலியில் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கும்போது வேதவல்லி நிவேதிதாவின் முன்னால் போய், "மேடம், ஒரு நிமிஷம்" என்று நின்றாள். நிவேதிதா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நீங்கதான் ஸ்டார்மா. தினம் சாயங்காலம் கொஞ்ச தூரம் நடங்க, சரியா?" என்றாள். சரி என்றாள் வேதவல்லி.

வீட்டு வாசலில் கஸ்தூரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றிருந்தாள், மாயவரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ராத்திரிக்கு அவள் வீட்டில் ஆள் இல்லை. "வாங்க அண்ணி, கூட்டமெல்லாம் நல்லா நடந்துச்சா? அண்ணன் எங்கிட்ட ஒரு வாய் வாங்கலை. அண்ணே, அண்ணேன்னு எவ்வளவோ கெஞ்சிட்டேன். ஸ்பூனைப் பாத்ததும் பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. எப்பவும் இப்படிப் பண்ண மாட்டாரே." ஸ்பூனைப் பார்த்ததும். அப்படியென்றால் தெரிந்துவிட்டது. வேதவல்லி அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டாள், பயம் வரும் என்று பார்த்தால் கால் வழியாக ஏதோ இறங்கிப் போகிற மாதிரி ஒரு நிம்மதி வந்தது. தெரிந்துவிட்டது, இனி வாங்க மாட்டார், ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டுவிடுவார்கள், குழாய்க்கு யாரும் பெயர் சொல்ல வேண்டாம், அவள் கைக்கும் அதில் வேலை இல்லை. கஞ்சியைக் கொஞ்சம் சுடவைத்து எடுத்துக்கொண்டு போனாள், அவர் பல்லைக் கடிப்பதைத் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் போனாள். கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். இவள் மூச்சுச் சத்தமோ, வளையலோ, புடவை வாடையோ, எதுவோ எட்டியிருக்க வேண்டும். அவள் கூப்பிடவில்லை, ஸ்பூனைக்கூட இன்னும் தூக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே அவர் வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா! உங்க கைன்னாத்தான் அவருக்கு" என்று கஸ்தூரி சந்தோஷமாகச் சொன்னாள். வாய் திறந்தபடியே இருந்தது. நன்றாகத் திறந்திருந்தது, இடது ஓரம் கோணி, உள்நாக்கு தெரிய. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, இது அவள் கை, இந்தக் கை தப்புச் செய்யாது என்று திறந்திருக்கிறார். இல்லை, எல்லாம் தெரியும், தெரிந்துதான் மற்ற கைக்கெல்லாம் வாயைப் பூட்டிக்கொண்டு இவளுக்காக வைத்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு, காலையில் பாதியில் விட்டதை முடித்துவிடு என்று. இரண்டில் எது என்று அந்த முகத்தில் தேடினாள். கம்பத்து உச்சியிலிருந்து கத்தியவர், ரேஷன் கடைக் கதைக்குச் சிரித்தவர், என்னிடம் எதைக் கேட்கிறீர்கள் என்று இவரிடம் கேட்க முடியாது. கூப்பிட வேண்டும், கண்ணைத் திறக்க வைக்க வேண்டும், கண்ணைத் திறந்தால் தெரிந்துவிடும், அதனாலேயே கூப்பிட முடியவில்லை. கூடத்தில் முப்பது பேருக்கு நடுவில் சத்தமாக வந்தது இங்கே வரவில்லை. ஸ்பூனில் கஞ்சி எடுத்திருந்தாள், எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை, கை தானாக எடுத்திருக்கிறது. அது நடுங்கவில்லை. நடுங்கினால்கூடப் பரவாயில்லை, காலையில் இருந்த மாதிரியே அவ்வளவு அமைதியாக இருந்தது.

"நேரமாச்சு அண்ணி, நான் கிளம்பறேன். அடுத்த மாசம் வர்றேன்" என்று கஸ்தூரி செருப்பைத் தேடினாள்.

"கஸ்தூரி, போயிடாத."

"இன்னொரு நாள் தங்குறேன் அண்ணி. இப்போ பஸ்ஸு போயிடும்."

"போகட்டும். நான் குடுத்து முடிக்கிற வரைக்கும் இங்க வந்து உக்காரு. உங்க அண்ணனைப் பாக்க வேண்டாம். என் கையையே பாத்துக்கிட்டு உக்காரு. ஒரு வாய்கூட விடாம பாரு."

கஸ்தூரி சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஸ்பூன் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.